மர்ஃபி மறுபடியும் பாட...
பழைய வால்வு ரேடியோவுக்குப் புது கண்டென்சர் போட்டால் உயிர் வந்துவிடும் என்பது பாதி உண்மைதான். போட்ட பிறகு கிளம்பும் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதுதான் மீதி வேலை.

பழுதான வால்வு ரேடியோவைவிட ஆபத்தானது ஒன்று உண்டு: பாதி பழுது பார்க்கப்பட்ட வால்வு ரேடியோ. பரண் மேல் ஊமையாகக் கிடந்தவரை அது யாருக்கும் தீங்கு செய்யவில்லை. பிறகு வீட்டில் யாருக்காவது ஆசை வருகிறது. மெழுகு உருகி வழிந்த பழைய கண்டென்சர்கள் வெட்டி எறியப்பட்டு, பளபளக்கும் புதியவை பற்றவைக்கப்படுகின்றன. பிளக்கைச் செருகியதும் டயல் விளக்கு எரிகிறது, எல்லோர் முகத்திலும் சந்தோஷம். அடுத்த நிமிடம் ஸ்பீக்கரிலிருந்து காதைத் துளைக்கும் ரீங்காரம், வால்வுக்குள் ரத்தச் சிவப்பு, சில சமயம் புகை. ஐம்பது அறுபது வருடம் தாக்குப்பிடித்த டிரான்ஸ்ஃபார்மர் ஒரே மாலையில் கருகிப் போவது இப்படித்தான்.

மும்பையில் இந்தப் பிரச்சினைக்குத் தனி அர்த்தம் உண்டு. இந்தியாவின் நடுத்தர வர்க்க வீடுகளில் ஒரு காலத்தில் அலமாரியின் உச்சியில் கொலுவிருந்த மர்ஃபி ரேடியோக்களைத் தயாரித்த மர்ஃபி இந்தியா நிறுவனத்தின் ஆலை நகரின் வாசலான தாணேயில்தான் இருந்தது. பிரிட்டனில் ஃப்ராங்க் மர்ஃபியும் இ.ஜே. பவரும் 1929இல் தொடங்கிய அந்தப் பெயர் இந்தியாவில் வாயில் விரல் வைத்த குழந்தையின் படத்தோடு வீடு வீடாக நுழைந்தது. 2012இல் வெளியான 'பர்ஃபி' என்ற இந்திப் படத்தின் கதாநாயகனுக்கே அந்த ரேடியோவின் பெயர்தான். வாய் பேச முடியாத அவன் தன் பெயரைச் சொல்ல முயலும்போது மர்ஃபி 'பர்ஃபி' ஆகிவிடுகிறது.

ஆலை போய்விட்டது, ரேடியோக்கள் போகவில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்போது வீடு காலி செய்பவர்களின் பரண்களிலிருந்து அவை இறங்கி வருகின்றன. சில தாராவியின் பழம்பொருள் பட்டறைகளில் மரம் வேறு, தாமிரம் வேறாகப் பிரிகின்றன. சில சோர் பஜாரின் மட்டன் தெருவில் அலங்காரப் பொருளாக விலை பேசப்படுகின்றன. தாத்தா வாங்கியது, அப்பா இலங்கை வானொலி கேட்டது என்ற பாசத்தால் குடும்பத்திலேயே தங்கிவிடுபவைதான் பழுது பார்ப்பவரைத் தேடி வருகின்றன. வால்வு தலைமுறை மெக்கானிக்குகளோ அருகிவிட்டார்கள். எனவே சால்டரிங் இரும்பை எடுப்பது பெரும்பாலும் பேரன்தான்.

எதற்காக மாற்றுவது?

வால்வு வேகமாக எரிந்துபோகும் என்பது பொதுவான நம்பிக்கை. நல்ல வால்வு பல்லாயிரம் மணி நேரம் உழைக்கும். உண்மையில் முதலில் மூப்படைவது கண்டென்சர்தான். மின்சாரத்தை வடிகட்டும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் அலுமினியத் தகடும் அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலமும் ஈரமான ரசாயனமும் இருக்கின்றன. வருடங்கள் செல்லச் செல்ல ஈரம் காய்கிறது. உபயோகிக்காமல் வைத்தால் படலம் நைந்துவிடுகிறது. மற்றவை மெழுகில் தோய்த்த காகிதச் சுருள்கள். காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வருடத்துக்கு நான்கு மாதம் மழையில் ஊறும் மும்பையில் அந்தக் காகிதம் மின்சாரத்தைத் தடுப்பதற்குப் பதிலாகக் கசியவிட ஆரம்பிக்கிறது.

கசிவு எவ்வளவு சிறியதானாலும் விளைவு பெரியது. ஓசையைப் பெருக்கும் முதல் வால்வின் பிளேட்டில் 100 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போகும் கண்டென்சர், 10 மெகாஓம் ரெசிஸ்டர் போலக் கசிகிறது. கிரிட்டிலிருந்து தரைக்கு 0.47 மெகாஓம். கணக்குப் போட்டால் கிரிட்டில் சுமார் 4.5 வோல்ட் ஏறி நிற்கும். இ.எல். 84 போன்ற வால்வை அடக்கி வைப்பதே ஏழு வோல்ட் சொச்சம்தான். அதில் பாதிக்கு மேல் போய்விட்டால் வால்வு கட்டுப்பாடின்றி மின்சாரத்தைக் குடிக்கும், பிளேட் சிவக்கும். ஆகவே காகிதக் கண்டென்சரை மாற்றுவது தேவையான வைத்தியம். வைத்தியம் செய்யும் முறையில்தான் சிக்கல்.

சந்தேகம் வேண்டியது எங்கே?

மாற்றுவதற்கு முன் சுமாராகவாவது பாடிய ரேடியோ, மாற்றிய பிறகு பாடவில்லை என்றால் வால்வின் மேல் பழி போடுவது அபத்தம். குற்றவாளி கடைசியாகக் கை பட்ட இடத்தில்தான் இருப்பான். அனுபவசாலிகள் ஒரே நாளில் எல்லாக் கண்டென்சரையும் மாற்றுவதில்லை. ஒன்றை மாற்றுவது, போட்டுப் பார்ப்பது, பிறகு அடுத்தது என்பதே அவர்கள் வழக்கம். நேரம் பிடிக்கும், ஆனால் கோளாறு வந்தால் எங்கே வந்தது என்று உடனே தெரியும். பிரிப்பதற்கு முன் எடுத்த செல்போன் படமும் கழற்றிய பழைய பாகங்களை வரிசையாகப் போட்டு வைத்த கவரும் அப்போது சர்க்யூட் வரைபடத்துக்குச் சமம்.

முதலில் பார்க்க வேண்டியது எண். பழைய கண்டென்சரில் '.01 எம்.எஃப்.டி.' என்று போட்டிருக்கும். இன்றைய கண்டென்சரில் இருப்பதோ 103 என்ற சங்கேதம். பத்துக்குப் பின்னால் மூன்று பூஜ்யம், அதாவது 10,000 பிக்கோஃபாரட், அதாவது 0.01 மைக்ரோஃபாரட். 104 என்றால் அதன் பத்து மடங்கு. லாமிங்டன் ரோட்டில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். தோற்றத்திலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஓசைத் திருத்தும் குமிழ் அருகே 103க்குப் பதில் 104 போட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும்.

அடுத்தது துருவம். எலக்ட்ரோலிட்டிக்கில் பிளஸ், மைனஸ் மாறினால் சூடேறி வீங்கும், சில சமயம் வெடிக்கும். பழையவற்றில் பல, பிளஸ் முனைக்குத்தான் அடையாளம் போட்டன. இன்றையவற்றில் பட்டையாகத் தெரிவது பெரும்பாலும் மைனஸ். அடையாளத்தைப் பார்த்து அடையாளத்துக்கு நேராகப் பொருத்துபவர் ஏமாறுவது இங்கேதான்.

மூன்றாவது வோல்டேஜ். 250 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றில் வால்வுகள் சூடேறி மின்சாரம் இழுக்க ஆரம்பிக்கும் முன் கண்டென்சரில் ஏறக்கூடியது 250 அல்ல, சுமார் 353. ரெக்டிஃபையர் வால்வை எடுத்துவிட்டு டயோடு போட்டவர்களுக்கு ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் இது நேர்கிறது. 350 வோல்ட் என்று எழுதிய கண்டென்சர் அங்கே நீடிக்காது, 450 வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரை 210 அல்லது 220 வோல்ட்டுக்கு அமைத்த பழைய நிலையிலேயே விட்டு, 230க்கு மேல் வரும் லைனில் இணைப்பது எரிகிற தீயில் எண்ணெய்.

நான்காவது பேராசை. பெரிய கண்டென்சர் போட்டால் ரீங்காரம் குறையும் என்று 16 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 100 போடுகிறார்கள். ரெக்டிஃபையர் வால்வுக்கு அதை ஒவ்வொரு முறையும் நிரப்பும் சக்தி கிடையாது. இ.இசட். 80க்குத் தயாரிப்பாளர்கள் விதித்த உச்சவரம்பு 50 மைக்ரோஃபாரட், ஜி.இசட். 34க்கு 60. மீறினால் வால்வுக்குள் பொறி பறக்கும், கூடவே டிரான்ஸ்ஃபார்மரும் போகும். ரெக்டிஃபையரை ஒட்டிய முதல் கண்டென்சருக்கு இந்தக் கட்டுப்பாடு கறாரானது; அதைத் தாண்டி அடுத்து வருவதில் ஓரளவு தாராளம் காட்டலாம்.

ரீங்காரம் சொல்லும் சேதி

பழுது பார்த்த ரேடியோவின் புகார்களில் முதலிடம் ரீங்காரத்துக்குத்தான். அதைக் கேட்டுப் பழகியவர்கள் பாதி நோயைக் காதாலேயே சொல்லிவிடுவார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ரேடியோவில் வடிகட்டும் கண்டென்சர் சரியில்லை என்றால் எழுவது விநாடிக்கு 100 அதிர்வுள்ள, சற்றே கரகரப்பான ஒலி. அதைவிடத் தாழ்ந்த, 50 அதிர்வுள்ள மழமழப்பான முனகல் என்றால் கிரிட் இணைப்பு விட்டுப்போனதோ, ஷீல்டு வயர் தரையில் படாததோ காரணமாக இருக்கலாம். வால்யூம் குமிழை முழுக்கக் குறைத்தும் ரீங்காரம் நிற்கவில்லை என்றால் கோளாறு குமிழுக்குப் பிறகு, அதாவது கடைசி வால்விலோ மின்சார வடிகட்டலிலோ. நின்றுவிட்டால் குமிழுக்கு முன்னால் தேட வேண்டும்.

இன்னொரு மாயப் பொறி அலுமினிய டப்பா. பழைய கண்டென்சர் டப்பாவுக்குள் இரண்டு மூன்று கண்டென்சர்கள் ஒன்றாக இருக்கும். டப்பாவின் உடம்பே எல்லாவற்றுக்கும் பொதுவான மைனஸ். உடம்பு சேஸிஸில் முறுக்கப்பட்டிருந்தால் அதுதான் தரை. ஆனால் சில ரேடியோக்களில் டப்பாவுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு அட்டை வளையம் இருக்கும். அது அழகுக்காக அல்ல. அந்த மாடல்களில் டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனை ஒரு சிறிய ரெசிஸ்டர் வழியாகவே சேஸிஸைச் சேர்கிறது. அந்த ரெசிஸ்டரில் உண்டாகும் எதிர்மறை வோல்டேஜ்தான் கடைசி வால்வை அடக்கி வைக்கிறது. முதல் கண்டென்சரின் மைனஸ் போக வேண்டிய இடம் அந்த நடு முனை. அதைப் புரியாமல் சேஸிஸில் பற்றவைத்தால் கண்டென்சர் நிரம்பும் துடிப்பெல்லாம் ரெசிஸ்டர் வழியாக ஓடி ரீங்காரமாகக் கேட்கும். அட்டையை எடுத்துவிட்டு டப்பாவையே சேஸிஸில் முறுக்கினால் இன்னும் மோசம். வால்வின் கடிவாளம் அறுந்து பிளேட் சிவந்துவிடும்.

ரீங்காரம் தவிர வேறு சத்தங்களும் உண்டு. மீன்பிடிப் படகின் மோட்டார் போல 'பொட் பொட்' என்று துடித்தால் வால்வுகளுக்கு இடையே மின்சாரத்தைப் பிரித்து வைக்கும் கண்டென்சர் ஒன்று இணைக்கப்படவில்லை. ஸ்டேஷன் பிடிக்கும்போது ஊளையிட்டால் புதிய கண்டென்சரின் கால்கள் நீளமாக விடப்பட்டிருக்கின்றன அல்லது வயர்கள் இடம் மாறிவிட்டன. வால்வு சர்க்யூட்டில் வயர் போகும் பாதையும் ஒரு பாகம் மாதிரிதான். ஓசை வருகிறது, ஸ்டேஷன்தான் வரவில்லை என்றால் பழையது என்று நினைத்து மைக்கா கண்டென்சரை மாற்றினார்களா என்று பார்க்க வேண்டும். மைக்கா அவ்வளவு எளிதில் கெடாது; அதன் அளவில் சிறு மாற்றம் வந்தாலும் டயலில் ஸ்டேஷன்கள் இடம் பெயர்ந்துவிடும். அப்போது ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரின் திருகுகளை ஸ்குரூ டிரைவரால் திருப்பிப் பார்ப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. ஆலையில் 455 கிலோஹெர்ட்ஸுக்கோ அதற்கு அருகிலோ கருவி வைத்துச் சரிபார்த்தது அது. கலைந்தால் கருவி இல்லாமல் மறுபடி சேராது.

சிவக்கும் பிளேட்டுக்குக் காத்திருக்காமல் மீட்டரே நிலைமையைச் சொல்லும். இ.எல். 84இன் பிளேட் தாங்கும் வெப்பம் 12 வாட். 250 வோல்ட்டில் வேலை செய்யும்போது 135 ஓம் கேதோடு ரெசிஸ்டரில் சுமார் 7.3 வோல்ட் காட்ட வேண்டும். பத்து, பன்னிரண்டு என்று காட்டினால் உடனே நிறுத்திவிட்டு, கிரிட்டில் பிளஸ் வோல்டேஜ் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கண்டென்சர் நல்லதாக இருந்தால் அங்கே பூஜ்யம்தான்.

ஒரு பல்பின் காவல்

இத்தனை விபத்துகளுக்கும் எதிராக மெக்கானிக்குகள் தலைமுறைகளாக வைத்திருக்கும் பாதுகாப்பு ரொம்பச் சாதாரணமானது: சீரீஸ் பல்ப். ரேடியோவுக்குப் போகும் மின்சாரத்தின் வழியில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக இணைக்கிறார்கள். முதலில் எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு சுவிட்ச் போட வேண்டும். பல்ப் எரியக் கூடாது. மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. பிரகாசமாக எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மரிலேயே கோளாறு. பிறகு ரெக்டிஃபையர் தவிர மற்ற வால்வுகள், கடைசியாக ரெக்டிஃபையர். இறுதியில் பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம். மங்காமல் நின்றால் எங்கோ ஷார்ட். மின்சாரத்தைப் பல்ப் தின்றுவிடுவதால் டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும். எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது. கடைகளில் அருகிவரும் பழைய குண்டு பல்பே வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் பிழைப்பது இருக்கட்டும், மனிதர் பிழைப்பது முக்கியம். கசிந்த பழைய கண்டென்சர்கள் ஒரு விஷயத்தில் நல்லவை: சுவிட்சை அணைத்ததும் அவற்றிலிருந்த மின்சாரம் தானே வடிந்துவிடும். புதியவை அப்படி அல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முந்நூறு வோல்ட் வரை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். வெற்றிகரமாகப் பழுது பார்க்கப்பட்ட ரேடியோ, பழுதான ரேடியோவைவிட அதிகமாக ஷாக் அடிப்பது இதனால்தான். இன்சுலேஷன் போட்ட கிளிப்பில் ஒரு சில கிலோஓம் ரெசிஸ்டரைப் பிடித்துக் கண்டென்சரை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஏ.சி./டி.சி. ரகம் இன்னும் பொல்லாதது. நகரங்களின் சில பகுதிகளில் டி.சி. மின்சாரம் வந்த காலத்துக்காகச் செய்யப்பட்டவை இவை. மெயின் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மின்சாரக் கம்பி நேராக சேஸிஸில். பிளக்கை எப்படிச் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து முழு 230 வோல்ட்டும் இரும்புத் தகட்டில் நிற்கும். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலும் போதும். இவற்றை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் திறக்கவே கூடாது. வால்வுகளின் ஹீட்டர்கள் சங்கிலி போல் தொடராக இருப்பதால், ஒன்றைக் கழற்றினால் எல்லாம் அணைந்துவிடும்; கழற்றிப் பார்த்துச் சோதிக்கும் உத்தியும் இங்கே பலிக்காது. மெயின் லைனிலிருந்து சேஸிஸுக்குப் போகும் கண்டென்சர் எந்த ரேடியோவில் இருந்தாலும், அந்த இடத்தில் 'ஒய்' ரகம் எனப்படும் பாதுகாப்புக் கண்டென்சரைத் தவிர வேறெதையும் போடுவது உயிரோடு விளையாட்டு.

பாட என்ன இருக்கிறது?

பாகங்களுக்குப் பஞ்சம் இல்லை. கண்டென்சர்கள் லாமிங்டன் ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் கிடைக்கின்றன. வால்வு உற்பத்தியில் 1961இல் இறங்கிய பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அந்தத் தொழிலை விட்டு வெகுகாலமாகிறது. கித்தார் ஆம்ப்ளிஃபையர்களின் தயவில் இ.எல். 84, இ.சி.சி. 83 போன்றவை ரஷ்யாவிலும் ஸ்லோவாகியாவிலும் சீனாவிலும் இன்றும் தயாராகின்றன. ரேடியோவுக்கே உரிய வால்வுகளுக்குப் பழைய சரக்குதான் கதி. ஆகவே கவனக்குறைவால் சிவந்து செத்த ஒவ்வொரு வால்வும் திரும்பி வராத நஷ்டம்.

பெரிய நஷ்டம் வானில் நிகழ்ந்திருக்கிறது. தபால் அலுவலகத்தில் லைசென்ஸ் கட்டி ரேடியோ கேட்ட காலம் 1980களின் நடுவில் முடிந்தது. சிற்றலையைப் பல நாடுகள் கைவிட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், பிறந்த பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30 அன்று வானொலியில் ஓய்ந்தது. இன்று நகரங்களில் ஒலிப்பது எஃப்.எம். பழைய ரேடியோக்களில் பெரும்பாலானவற்றின் டயலில் அது இல்லவே இல்லை.

ஆனாலும் வழி இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பல ரேடியோக்களின் முதுகில் கிராமஃபோன் இணைக்க இரண்டு துளைகள் இருக்கும். செல்போனின் இரண்டு சானல்களையும் ஆளுக்கொரு ரெசிஸ்டர் வழியாக ஒன்றாக்கி அங்கே கொடுத்தால் ஐம்பதுகளின் பாட்டை ஐம்பதுகளின் ஸ்பீக்கரில் கேட்கலாம். சேஸிஸில் நேராக மின்சாரம் பாயும் ஏ.சி./டி.சி. ரேடியோவில் மட்டும் இதை முயலக் கூடாது. செல்போனைக் கையில் பிடித்திருப்பவர் மெயின் லைனையே பிடித்திருப்பார். பரணிலிருந்து இறங்கிய பெட்டி எந்த ரகம் என்று முதுகுப் பலகையைத் திருப்பிப் படித்துத் தெரிந்துகொள்வதுதான், சால்டரிங் இரும்பைச் சூடாக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை.